தோற்கத் தோதாய் ஒரு மலை

"மலையை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளு" என்றார் துணை.

"தள்ளினா ஆறு மேசையை விட்டுக் கீழ விழுந்துடும். பரவாயில்லையா?" என்றாள் மனைவி.

"ஆத்தைக் கொஞ்சம் வளைச்சு விடேன்."

மனைவி ஆற்றை வளைத்து விட்டாள். ஆறு நீல நிற ரெக்சின் துண்டு, சொன்னபடி கேட்டது. மலைதான் மக்கர் செய்தது. தெர்மோகோலைச் செதுக்கி, மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்து, பசை தடவி ஒட்டிய மலை. தொட்ட இடத்தில் எல்லாம் உதிர்ந்தது.

"துணை" என்பது அவருடைய பெயர் அல்ல, பதவி. தண்ணீர் பாட்டில் கம்பெனி ஒன்றில் துணை மேலாளர். பல வருடங்களாக அதே நாற்காலியில் இருந்ததால் ஆபீசில் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. வீட்டில் மனைவியும் அவ்வப்போது குத்திக்காட்டுவாள்.

"எனக்குத் துணையா இருங்க, வேண்டாம்னு சொல்லல. ஆபீஸ்லயும் துணையாவே இருந்து ரிடையர் ஆகணுமா?"

அதற்குத்தான் இன்று வழி பிறந்திருந்தது. புதுக் கிளை ஒன்று திறக்கப் போகிறார்கள். அதற்கு மேனேஜர் வேண்டும். தனி அறை, கண்ணாடிக் கதவு, சுற்றுகிற நாற்காலி. முடிவெடுக்க வேண்டியவர் ஜெனரல் மேனேஜர். அந்தப் பெயரிலிருந்து மேனேஜரைக் கழற்றிவிட்டு ஆபீஸ் முழுக்க அவரை "ஜெனரல்" என்றுதான் சொல்லும். அந்த ஜெனரல்தான் இன்னும் சற்று நேரத்தில் துணையின் வீட்டுக்குப் போர் புரிய வருகிறார்.

போர் என்றால் மேசைப் போர். துணைக்கும் ஆபீசில் இன்னும் சிலருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. விரல் உயரத்தில் குள்ளர் படை, பூதப் படை என்று பொம்மைகளை வைத்துக்கொண்டு, பகடை உருட்டி அடித்துக்கொள்வார்கள். எதிரியின் கொடியைத் தொட்டவர் ஜெயித்தவர். அந்தப் பொம்மைகள் ஏறி இறங்குவதற்கு மேசைமேல் மலை, காடு, ஆறு, சதுப்பு எல்லாம் வேண்டும். ஆடுகிறவர்கள் அதை டெரெய்ன் என்பார்கள். மலைமேல் நிற்பவனுக்கு அடி பலம் அதிகம். காட்டுக்குள் இருப்பவன்மேல் அம்பு படாது. சதுப்பில் கால் வைத்தவன் நத்தையாகிவிடுவான். டெரெய்னை அடுக்குவது வீட்டுக்காரர் பொறுப்பு, எந்தப் பக்கம் உட்காருவது என்பது விருந்தாளி இஷ்டம். இதுதான் வழக்கம்.

போன மாதம் ஜெனரல் கேண்டீனில் இவர்கள் விளையாடுவதை வெகுநேரம் நின்று பார்த்தார். மறுநாளே, "நானும் விளையாடுவேன். ஒவ்வொருத்தர் வீட்டுக்கா வரேன்" என்று அறிவித்துவிட்டார். முதலில் போனது விற்பனைப் பிரிவுக்காரர் வீட்டுக்கு. அந்த மனுஷன் மேசை நிறையக் கட்டடங்களாக அடுக்கி, ஜெனரலைச் சந்துக்குள் மடக்கி ஜெயித்துத் தொலைத்தார். ஜெனரல் காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டாராம்.

"மேலதிகாரியை ஜெயிச்சா எவன் பதவி குடுப்பான்?" என்றார் துணை. "நான் தோக்கணும். ஆனா வேணும்னே தோத்த மாதிரி தெரியக் கூடாது. உயிரைக் குடுத்துப் போராடித் தோத்த மாதிரி இருக்கணும்."

"அது உங்களுக்குக் கஷ்டமா என்ன? என்கிட்ட தினமும் அப்படித்தானே தோக்கறீங்க" என்றாள் மனைவி.

துணையின் திட்டம் எளிமையானது. ஜன்னல் பக்கம் மலை, காடு, பாறை என்று எல்லா வசதியும். எதிர்ப்பக்கம் சதுப்பைத் தவிர ஒன்றும் கிடையாது. கண் இருக்கிற எவரும் ஜன்னல் பக்கத்தைத்தான் எடுப்பார்கள்.

வாசல் மணி அடித்தது. ஜெனரல் உள்ளே வந்தார். பின்னால் பொம்மைப் பெட்டியைச் சுமந்துகொண்டு அவருடைய டிரைவர். பெட்டியை வைத்துவிட்டு டிரைவர் காருக்குத் திரும்பிவிட்டார். ஜெனரல் மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார். மலையைக் குனிந்து பார்த்தார். காட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு நேராகப் போய்ச் சதுப்புப் பக்கம் உட்கார்ந்தார்.

துணைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், நீங்க இந்தப் பக்கம் உக்காரலாமே? வசதியா இருக்கும்."

"இங்கிருந்து பார்த்தாத்தான் மலை நல்லாத் தெரியுது, துணை. எல்லாம் நீங்களே செஞ்சதா?"

"ஆமா சார்."

"பலே!"

என்ன பெருந்தன்மை என்று துணை மனதுக்குள் நொந்துகொண்டார். வசதியான பக்கத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுத்து ஜெயிக்கப் பார்க்கிறார். அதற்காக விட்டுவிட முடியுமா? மலையை இரண்டு கையாலும் தூக்கினார்.

"சார், இந்த மலை இங்க எடுப்பா இல்ல. உங்க பக்கம் வச்சாத்தான் கண்ணுக்கு லட்சணமா இருக்கும்." குழந்தையை மாற்றுவது போல மலையைப் பக்குவமாக எதிர்ப்பக்கம் வைத்தார். கையோடு காட்டையும் பாறையையும் நகர்த்தினார்.

ஜெனரல் அதை ஆர்வமாகப் பார்த்தார். "மலையை எவ்வளவு ஆசையாத் தூக்கறீங்க! ஆனா இவ்வளவு கிட்டக்க வச்சா எனக்கு முழுசாத் தெரியலையே" என்று எழுந்து ஜன்னல் பக்கம் வந்துவிட்டார். இப்போது மலை, காடு, பாறை எல்லாம் மறுபடியும் துணை பக்கம்.

மனைவி சமையலறை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மிச்சமிருந்தது சதுப்பு. துணை அதை இழுத்துத் தன் குள்ளர்களின் காலடியிலேயே போட்டுக்கொண்டார்.

"என்ன துணை, சேத்துக்குள்ளயே குடியிருக்கப் போறீங்களா?"

"எனக்குச் சேறுன்னா உயிர் சார்."

"நிஜமாவா?" ஜெனரல் முகம் மலர்ந்தது.

ஆட்டம் தொடங்கியது. துணை வாழ்க்கையில் எத்தனையோ பேரோடு ஆடியிருக்கிறார். இப்படி ஓர் ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. ஜெனரல் தன் பூதங்களை முன்னால் நகர்த்தவில்லை, பின்னால் நகர்த்தினார். அம்பு விடவேண்டிய நேரத்தில், "இந்தக் காட்டுல இருட்டினா பயமா இருக்காது?" என்று கேட்டார். இவரிடம் தோற்பது மலையைப் பிடுங்குவதைவிடக் கஷ்டம் போலிருந்தது. பகடையும் சேர்ந்து பழிவாங்கியது. ஒன்று விழ வேண்டும் என்று துணை வேண்டிக்கொண்டு உருட்டினால் ஆறு விழுந்தது. சேற்றில் நத்தையாய் ஊர்ந்த குள்ளர்கள் ஊர்ந்துகொண்டே பூதங்களைச் சாய்த்தார்கள்.

கடைசியில் ஜெனரல் எப்படியோ தன் பூதராஜாவை முன்னால் அனுப்பினார். அப்பாடா என்று துணை மூச்சு விட்டார். பூதராஜா நேராகச் சதுப்பில் கால் வைத்தான். வைத்தவன் வைத்தவன்தான். காலையில் சதுப்புக்குப் பளபளப்பு வேண்டும் என்று துணை பூசிய வார்னிஷ் இன்னும் காயவில்லை.

"வர மாட்டேங்கறானே?" என்றார் ஜெனரல்.

"இருங்க சார்." துணை பதறிப்போய் இழுத்தார். பூதராஜா வந்தான். அவன் கால் இரண்டும் சேற்றிலேயே நின்றன.

துணைக்கு வியர்த்துக் கொட்டியது. கண்ணாடிக் கதவும் சுற்றுகிற நாற்காலியும் கண்ணெதிரே தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

புருஷன் திண்டாடுவதைப் பார்த்து மனைவிக்குப் பொறுக்கவில்லை. குள்ளர் படை மொத்தமும் விழுந்துவிட்டால் ஜெனரல்தானே ஜெயித்தவர்? "புழுக்கமா இருக்குல்ல சார்?" என்று சொல்லிக்கொண்டே மூலையில் இருந்த பெரிய ஸ்டாண்டு ஃபேனைக் குள்ளர்களைப் பார்த்துத் திருப்பி முழு வேகத்தில் போட்டுவிட்டாள்.

குள்ளர்கள் ஈயம். அசையவே இல்லை. மலைதான் தெர்மோகோல்.

மலை கிளம்பியது. போகிற போக்கில் காட்டையும் கிளப்பிக்கொண்டது. பச்சை மரத்தூள் அறை முழுக்கப் பறந்து ஜெனரலின் மீசையில், புருவத்தில், காபியில் இறங்கியது. மேசையைக் கடந்து போன மலை பூதப் படையின் தலையில் உட்கார்ந்தது. உச்சியில் குண்டூசி குத்தி நிறுத்தியிருந்த குள்ளன் ஒருவன் மட்டும் பிடிமானம் கழன்று முன்னால் சரிந்து, ஜெனரலின் கொடியைக் கட்டிப்பிடித்தபடி நின்றான்.

மனைவி ஃபேனை நிறுத்தினாள்.

"கொடியைத் தொட்டாச்சு. அப்ப நீங்க ஜெயிச்சாச்சு, இல்லையா?" என்றார் ஜெனரல். சொல்லும்போது வாயிலிருந்து கொஞ்சம் காடு வந்தது.

"சார், மன்னிச்சுக்கணும்..." என்றார் துணை. எல்லாம் கைவிட்டுப் போனபின் இந்த மலையும் காடும் எதற்கு? "நான் இந்த விளையாட்டையே விட்டுடறேன் சார். எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுடறேன்."

"ஐயையோ, எதுக்கு?" ஜெனரல் பதறினார். "உண்மையைச் சொல்லுங்க. இந்த மலை, காடு, சேறு இதெல்லாம் இல்லாம உங்களால இருக்க முடியுமா?"

துணை குப்புறக் கிடந்த மலையைப் பார்த்தார். ராப்பகலாக உட்கார்ந்து செய்தது. கண் கலங்கிவிட்டது. "முடியாது சார். அதுதான் சார் என் உலகம்."

ஜெனரல் எழுந்து வந்தார். துணையின் இரண்டு தோளையும் பிடித்தார்.

"புதுக் கிளைக்கு நீங்கதான் மேனேஜர். திங்கட்கிழமை ஆர்டர் கைக்கு வரும்."

துணைக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மனைவிக்கு ஏறிவிட்டது. "என்னங்க!" என்று கத்திக்கொண்டே வந்து, ஜெனரல் நிற்பதையும் மறந்து புருஷன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இவ்வளவு காலம் துணையாகவே இருந்த மனிதருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஜெயித்தவனுக்கே பதவி கொடுக்கிற இப்படி ஒரு தங்கமான மனிதரையா தோற்று ஏமாற்றப் பார்த்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது. ஜெனரல் மீசையைத் தட்டிக்கொண்டே மாடிப்படி இறங்கிப் போனார்.

பெட்டியை எடுக்க டிரைவர் மேலே வந்தார். கால் போன பூதராஜாவை உள்ளே போட்டு மூடினார்.

"சார் நல்லா விளையாடினாரா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"ஜெயிக்கிறதைப் பத்திக் கவலையே படாத மனுஷன்!" என்றார் துணை. "எனக்குத்தான் புதுக் கிளையாம். மேனேஜர்!"

டிரைவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க நல்லா இருக்கணும் சார், வண்டி கூடப் போகாத மலை உச்சியில, சுத்திக் காடும் சேறுமா இருக்கிற அந்தக் கிளைக்கு ஆசையாப் போற ஆள் யாருன்னு தெரிஞ்சுக்கத்தான், இந்த விளையாட்டுல அனா ஆவன்னா தெரியாத எங்க சார் பொம்மையை வாங்கிக்கிட்டு வீடு வீடா அலைஞ்சுக்கிட்டிருந்தார்!"