துரைசிங்கத்தின் ஐந்து ஃபௌல்கள்

நானும் ஒரு காலத்தில் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட வீரன்தான். என் வயிற்றைப் பார்த்துச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஒரே ஓர் ஆட்டம் ஆடினேன், அதற்குச் சம்பளமும் தந்தார்கள். (வரிக்காரர்கள்கூட அதை ஒத்துக்கொண்டு தங்கள் பங்கை எடுத்தார்கள்.)

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எனக்கு இருபது வயது. ஒஸ்லோவில் ஒரு பெரிய கழகத்தின் விங் ஆட்டக்காரர், அதாவது ஓரமாக ஓடிவந்து கூடைக்குப் பாய்கிறவர், முழங்காலை உடைத்துக்கொண்டார். அவருடைய இடத்தில் என்னை ஓர் ஆட்டம் விட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்கள். சரிவந்தால் சீசன் முடியும்வரை ஒப்பந்தம். எனக்கு நன்றாகக் குதிக்கத் தெரியும். எப்போது குதிக்கக்கூடாது என்பதுதான் தெரியாது. அதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்பா ஒரே நிபந்தனைதான் வைத்தார்.

"கொன்ட்ராக்ட் தந்தால் எஞ்சினியரிங்கை ஒரு வருசம் நிப்பாட்டு. தராட்டி திங்கக்கிழமை வகுப்புக்குப் போ. பிறகு இந்த வீட்டிலை பந்தைப் பற்றிக் கதைக்கக்கூடாது."

இனிப் பெயர் விவகாரம். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நோர்வேக்காரரின் படிவமோ அது இல்லாமல் நகராது. ஆகவே தகப்பனின் பெயரைப் பிள்ளைக்குப் பின்னால் ஒட்டிவிடுவோம். நான் ரமணன் துரைசிங்கம். விளையாட்டுச் சட்டையின் முதுகில் ரமணனுக்கு இடமில்லை, வெறும் துரைசிங்கம்.

அந்தச் சனிக்கிழமை அப்பா கோட் சூட்டோடு வந்தார். நாங்கள் குடியிருந்த அம்மருட்டில் எங்கள் மாடிக்கட்டடத்திலிருந்து பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா அத்தனை பேருக்கும் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். ஆட்டக்காரரை அறிமுகப்படுத்தும்போது ஒலிபெருக்கி "துரைசிங்கம்" என்றது. அப்பா எழுந்து நாலு பக்கமும் பார்த்துக் கும்பிட்டார். சனம் கைதட்டியது. அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அது ஐந்து நிமிடம் நீடித்தது.

எனக்கு எதிரே நின்றவர் தலை வழுக்கையான ஒரு பழைய ஆட்டக்காரர். பந்தை எறிவதுபோலக் கையை உயர்த்துவார். நான் உடனே வானத்துக்குப் போய்விடுவேன். அவர் எறியமாட்டார். நான் இறங்குகிற இடத்தில் அவருடைய வழுக்கை இருக்கும்.

"ஃபௌல், துரைசிங்கம்."

அடுத்த தடவையும் அதே கை, அதே வானம், அதே வழுக்கை. மூன்றாவது ஃபௌலில் பக்கத்து வீட்டு மாமா அப்பாவை ஒரு மாதிரிப் பார்த்தாராம். நாலாவதில் அப்பா கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டாராம். ட்ரேனர் என்னைக் கூப்பிட்டு, இன்னும் ஒன்று என்றால் உன்னை வெளியேற்றிவிடுவார்கள், தயவுசெய்து நிலத்திலேயே நில் என்றார். தலையாட்டிவிட்டுப் போனேன். வழுக்கை கையை உயர்த்தியது. நான் ஏற்கனவே மேலே இருந்தேன்.

"துரைசிங்கம், ஐந்தாவது ஃபௌல். வெளியே."

ஓரத்து வாங்குப் பலகையில் போய் இருந்து அண்ணாந்து பார்த்தால் அப்பாவின் இருக்கை காலி.

ஆட்டம் முடிந்ததும் ட்ரேனர் என் கையைக் குலுக்கி, வந்ததற்கு நன்றி என்றார். ஒப்பந்தம் என்ற பேச்சே இல்லை. உடுப்பு மாற்றும் அறையில் அழுதேன், அதை ஏன் மறைப்பான். வெளியே வந்தால், பஸ் தரிப்பில் அப்பா பனிக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனப்பா பாதியிலை வந்தனீங்கள்?"

"துரைசிங்கத்தை வெளியிலை போகச் சொன்னவங்கள். போகத்தானே வேணும்."

கோட்டில் விழுந்த பனியைத் தட்டிவிட்டார்.

"இந்த நாட்டுக்கு வந்து இருபது வருசம். ஒரு பார்க்கிங் பிழைகூட என்ரை பேரிலை இல்லை. ஒரு பின்னேரத்திலை அஞ்சு."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அப்பா."

அவர் தன் கழுத்துத் துண்டைக் கழற்றி என் ஈரத் தலையில் சுற்றினார். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வகுப்பு என்று கேட்டார். எட்டரைக்கு என்றேன். எனக்குத் தாங்கமுடியாத வெட்கமாக இருந்தது.

இன்று நான் பாலம் கட்டும் எஞ்சினியர். எங்கே அந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் அப்பா இப்போது எழும்புவதில்லை. போன மாதம் அவரைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போனேன். தாதி வந்து "துரைசிங்கம்" என்றாள். அப்பா அசையாமல் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"போய்க் கேட்டுக்கொண்டு வா, நீ என்ன செய்தனீ எண்டு."