கூடப்பிறந்த ஜெனரேட்டர்

ஊரில் புருஷன்மார் பெண்டாட்டிக்குத் தெரியாமல் எதை எதையோ வைத்துக்கொள்கிறார்கள். டெலானிபூர் குவார்ட்டர்ஸில் குடியிருந்த சுரேந்திரன் வைத்துக்கொண்டது சொந்த அக்காவை.

அக்கா ஜெயலட்சுமி மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்து தங்கியிருந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கிளம்பும் வாரம், சுசீலா வைத்த மீன்குழம்பைத் தொட்டு நக்கிவிட்டு, "ஏன் சுசீலா, மீனை வெந்நீர்ல குளிப்பாட்டி விட்டியா?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

"இனிமே அவங்க பேச்சே இந்த வீட்ல எடுக்கக் கூடாது. பக்கா!" என்றாள் சுசீலா. சொன்னால் சொன்னதுதான். புருஷன் யார் யாரிடம் பேசினான் என்று தினமும் போனைத் திறந்து பார்க்கிறவள் அவள்.

சுனாமிக்கு அப்புறம் சுரேந்திரனுக்கு மிஞ்சிய ஒரே ரத்தம் அக்கா. விட முடியுமா? பவர்ஹவுஸ் சிநேகிதன் ஸ்ரீநிவாஸ் ஒரு வழி சொன்னான். நம்பரே வேண்டாத ஆப். ஒரு போனில் தெரிகிற கட்டம் கட்டமான கோலத்தை இன்னொரு போன் நேருக்கு நேர் நின்று படம் பிடித்தால் போதும். நெட்டிலேயே பேசலாம். வழக்கமான கால் லிஸ்ட்டில் ஏறாது.

கப்பல் கிளம்பும் நாளில், சுசீலா டீக்கடைப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, அக்காவும் தம்பியும் போனோடு போன் காட்டிக்கொண்டார்கள். பிறகு அவன் அக்காவின் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக் கப்பலுக்குள் ஏற்றப் போனான். திரும்பி வரும்வரை நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள் என்று முழு மனதோடு நம்பினான்.

அக்காவின் பேரை 'ஜெனரேட்டர்' என்று பதிந்தான். பவர்ஹவுஸில் நைட் டூட்டி பார்க்கிறவனை ஜெனரேட்டர் கூப்பிட்டால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

தீவு நெட்தான் சண்டி. மேட்டில் தண்ணீர்த் தொட்டி மதிலோரம் மட்டும் கொஞ்சம் நிற்கும். அங்கே போய் ஸ்பீக்கரைப் போட்டுக் கத்த வேண்டும். பதிலும் கப்பலேறித்தான் வரும்.

"டேய், வீட்டுக்குத் தண்ணி யாருடா பிடிக்கிறா?"

"அவதான்க்கா."

"வெட்கமா இல்ல? நீ பிடி!"

பிடித்தான். அடுத்த வாரம், "பீடியை விடுடா, என்மேல சத்தியம்." விட்டான். சுசீலா வருஷக்கணக்காகத் தொண்டை வறளக் கத்தியும் நடக்காதது.

"என்னங்க, இப்படித் திருந்திட்டீங்க! சச்சா? நிஜந்தானா?" என்று அவள் வியந்தபோது சுரேந்திரன் மீசையை முறுக்கினான். சின்ன மீசையா அது? முறுக்கிவிட்டால் ரெண்டு பக்கமும் துணி காயப் போடலாம்.

ஒரு நாள் பகல் தூக்கம் பாதியில் கலைந்துபோய் மேட்டுக்கு நடந்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் சுசீலாவின் குரல்.

"தண்ணி பிடிக்கிறார் அண்ணி. பீடியும் போச்சு. இனிமே அந்த மீசை. நான் சொன்னா முறைப்பார், நீங்க சொல்லிடுங்க."

சற்றுப் பொறுத்து ஸ்பீக்கரில் அக்கா சிரித்தாள். "எனக்கும் சின்னதுலேர்ந்து பிடிக்காதுடி. சொல்லிடறேன். குழம்புல புளி கூட்டினியா?"

சுரேந்திரன் நின்ற இடத்திலேயே மீசையைப் பொத்திக்கொண்டான். ரெண்டு பேரும் கூட்டு! சண்டையெல்லாம் நாடகம்!

மறுநாள் அக்கா சொன்னாள். "மீசையை எடுத்துடு தம்பி."

"எடுத்தாச்சுக்கா! இப்பத்தான் வழிச்சேன். மொழுமொழுன்னு இருக்கு."

முகம் பார்த்துப் பேச இந்தத் தீவு நெட்டுக்கு ஏது தெம்பு? இனி சுசீலா வாயைத் திறந்தால் அவள் குட்டு உடையும். திறக்காவிட்டால் மீசை பிழைக்கும். ராஜநடை போட்டு வீட்டுக்கு வந்து, அடுத்த நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதும் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

சுசீலா சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவன் மூக்குக்குக் கீழே பார்த்தாள். அவன் ஒரு முறுக்கு முறுக்கினான்.

எழுந்து போனவள் சோப்பும் ரேசரும் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சாப்பிட்டு முடிச்சதும் எடுத்துடுங்க," என்றாள் சாந்தமாக. "கூடப்பிறந்த ஜெனரேட்டர்கிட்டப் போய்ப் பொய் சொல்லலாமா?"