கிண்ணச்சாமி காட்டிய இடம்

மூன்று நாள் இசைவிழா. லட்சம் பேர் வருவார்கள் என்றார்கள், வந்தார்கள். பாட்டுக் கேட்கிற கூட்டம் மேடைக்கு முன்னால். கடை போட வந்த கூட்டம் கிண்ணச்சாமிக்கு முன்னால். அந்த இரண்டாவது கூட்டத்தில் முதல் ஆள் அடியேன்தான்.

சாமியின் வேலை சுலபம். பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைப்பார். தண்ணீர் நடுங்கினால் அங்கே அதிர்ஷ்டம் குடியிருக்கிறதாம். எவ்வளவு நடுக்கமோ அவ்வளவு வியாபாரம்!

எனக்குக் குலுக்கலில் விழுந்தது வாசலோரம், நல்ல இடம். அங்கே தண்ணீர் அசையவில்லை.

"செத்த இடம்பா இது" என்றார் சாமி.

மேடையோரம், ஆளுயர ஒலிபெருக்கிகளின் முதுகுப் பக்கம் கிண்ணத்தை வைத்தார். தண்ணீர் குதித்தது. நானும் குதித்தேன். என்னோடு ஆறு கடைக்காரர்கள் மூட்டை முடிச்சோடு அங்கே குடியேறினார்கள். காணிக்கையாக என் சரக்கில் ஒரு தொப்பியைச் சாமி தலையில் வைத்தேன். இரண்டு நாளில் என் கடையைவிட்டுப் போன ஒரே தொப்பி அதுதான்.

மொத்தம் அறுநூறு தொப்பி. வேலையை விட்டுவிட்டு வருஷம் முழுக்க என் மனைவி தைத்தவை. விற்காவிட்டால் அவள் மறுபடி அந்த ஆடைத் தொழிற்சாலைக்கே போய் மேற்பார்வையாளனிடம் திட்டு வாங்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தும்தான் இடம் மாறினேன். எவ்வளவு பெரிய மூளை பாருங்கள்!

மூன்றாம் நாள் காலை அவள் வந்தாள்.

"ஏங்க, இங்க என்ன பண்றீங்க?"

"என்னது?" எனக்குக் காது அடைத்திருந்தது.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"இங்கதான் தண்ணி நடுங்குது!"

என்னைப் பார்த்தாள். ஒலிபெருக்கியைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்து மேடையில் ஆள் மாறுகிற நேரம் பார்த்துச் சாமியைக் கையோடு அழைத்து வந்தாள்.

"இப்ப வைங்க சாமி கிண்ணத்த."

"இப்ப நேரம் சரியில்லம்மா."

"ஏன், அதிர்ஷ்டம் டீ குடிக்கப் போயிருக்கா? வைங்க."

கடைக்காரர்கள் சூழ்ந்துவிட்டார்கள். வைத்தார். தண்ணீர் துளிகூட அசையவில்லை.

"நம்பிக்கையில்லாதவங்க யாரோ பக்கத்துல நிக்கிறாங்க" என்றார்.

"நான்தான். இதோ தள்ளிப் போறேன்." இருபது அடி தள்ளி நின்றாள். தண்ணீர் அப்போதும் தூங்கியது. திரும்பி வந்து கிண்ணத்தை ஒட்டி நின்றுகொண்டாள். அந்த நேரம் மேடையில் டிரம் அதிர்ந்தது. தண்ணீர் துள்ளியது!

"இப்ப நான் பக்கத்துலதான நிக்கறேன்? எப்படிக் குதிக்குது?" என்று கத்தினாள்.

பதில் சொல்லச் சாமி அங்கே இல்லை. கிண்ணத்தைக்கூட எடுக்காமல் கூட்டத்தில் நழுவிவிட்டார். எனக்கோ, பழக்கதோஷம், துள்ளுகிற தண்ணீரைப் பார்த்ததும் கை தானாகக் குவிந்தது.

அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "கும்பிடணும்னா அந்த டிரம் அடிக்கிறவனக் கும்பிடுங்க. அவனாவது உழைக்கிறான். மேசையத் தூக்குங்க, இன்னும் ஒரு பகல் இருக்கு."

ஒரு முனையை அவள் தூக்கினாள், மறுமுனையை நான். வாசலை நோக்கி ஓடினோம்.

ஒரு கிண்ணம் தண்ணீர் அசைய ஒரு டிரம் போதும். என்னைப் போன்றவர்களின் மூளை அசைய எத்தனை டிரம் வேண்டும் என்று, மூளை அசைகிறவர்கள் யாராவது யோசித்துச் சொல்லுங்கள்.