அப்பாவுக்குப் போன் வாங்கிய உண்மை விவரம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். "போன்ல கேட்டா மூணு பேரும் சேந்து நல்லாருக்கோம் நல்லாருக்கோம்னுதான் பாட்டுப் பாடறீங்க, நீயாவது உள்ளத எழுதி அனுப்பு" என்று நீ சொன்னாய். உன் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு எந்தப் போன் வாங்கினோம், எந்தக் கம்பெனி சிம் போட்டோம் என்று தெரிந்துகொள்ள உனக்கு முழு உரிமை உண்டு. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. அப்பா நலம், கட்டைவிரலில் மட்டும் ஒரு பிளாஸ்திரி இருக்கிறது, காரணம் கீழே வரும். அம்மா நலமா என்பதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. கடிதம் இவ்வளவு நீளமாகப் போனதற்கு அதுதான் காரணம்.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்று. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார், ஆனால் முதல் வரியிலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன், இனி ஒன்றும் செய்வதற்கில்லை. அப்பா பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் அவருடைய நம்பரை ஒட்டி, "மாட்டிக்கொண்டால் அழைக்கவும்" என்று போட்டிருக்குமல்லவா? போன மாதம் பல் டாக்டரம்மாவின் கிளினிக் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே டாக்டரம்மா. அவர் அழைத்தபோது அப்பா வேறொரு கட்டடத்தில் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நம் வீட்டு சிம்மெல்லாம் பச்சைக் கம்பெனிதானே, அந்தச் சிக்னலுக்குக் குழி என்றால் பயம் போலிருக்கிறது, உள்ளே வரவே வராது. அப்பா மேலே ஏறி வந்து, தவறிய அழைப்புகளைப் பார்த்து, அடித்துப் பிடித்து ஓடிப் போய்க் கதவைத் திறந்தபோது டாக்டரம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாராம். "உங்க நம்பர ஒட்டி வச்சிருக்கீங்களே, அது என்ன அழகுக்கா? இன்னொரு தடவ எடுக்கலன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார். அப்பா பார்த்துக்கொள்ளும் லிஃப்டுகளில் பாதி அந்தக் கட்டடத்துச் சொந்தக்காரர்களுடையவை. அன்று இரவு அப்பா போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். அம்மா, "அதுக்கும் ஒரு வாய் ஊட்டுங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம்தான் உன் பணம் வந்தது. நான் பள்ளி நூலகத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து போன்களைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் படித்தேன். எல்லாரும் ஒரே வாக்கியத்தை எழுதியிருக்கிறார்கள் அக்கா, "கையில் இருப்பதே தெரியாத அளவுக்கு மெலிதானது" என்று. இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "தெரியாமதான்டி குழில விழுது" என்றார். கடையில் ஒரு அண்ணன் மூச்சே விடாமல் பேசினார். அவர் கண்ணாடி மாதிரி ஒரு போனை எடுத்துத் துணியால் துடைத்து, "சார், இதுல நாலு கேமரா" என்றார். அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாலு கண்ணு இருக்கு, சரி. காது எத்தன?" என்று கேட்டார். பிறகு, "ஒரு தடவ கீழ போட்டுப் பாக்கலாமா?" என்றும் கேட்டார். அந்த அண்ணன் போனை இரண்டு கையாலும் வாங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, படிக்காத பிள்ளையை விருந்தாளிக்குக் காட்டுவது போலத் தயங்கித் தயங்கி இன்னொன்றை எடுத்தார். சோப்பு டப்பா அளவுக்குத் தடிமன், சுற்றிலும் ரப்பர். அப்பா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என் மதிப்பெண் அட்டையைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. பணம் கொடுக்கும்போது மட்டும், "இதுல அவ மொகம் தெளிவாத் தெரியுமா?" என்று கேட்டாள். "யாரு மொகம்மா?" என்றார் கடை அண்ணன். அம்மா பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடினாள். உன் முகத்தைத்தான் கேட்டாள்.

போன் முடிந்தது, கம்பெனி முடியவில்லை. சிவப்பா நீலமா என்று கடையில் கேட்டால் சிவப்புக்காரர் நீலத்தையும் நீலக்காரர் சிவப்பையும் திட்டுகிறார்கள், அதனால் நாமே சோதித்துவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஒரு கட்டடத்துக் காவலாளியிடம் நீல சிம் இருந்தது, அவர் மனைவியிடம் சிவப்பு இருந்தது (அந்த வீட்டிலும் இதே சண்டை போலிருக்கிறது). அப்பா இரண்டு போனையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினார், நான் மேலே நின்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். நீலம், அப்பாவின் தலை வெளியே தெரியும்வரை அடித்தது, அவர் குனிந்தால் அதுவும் வாயை மூடிக்கொண்டது. அந்தச் சிக்னலைப் பிடிக்க அவசரமாக எழுந்தபோதுதான் கட்டைவிரல் ஏணியில் நசுங்கியது. சிவப்பு, குழியின் அடித்தரையில் இருந்தும் கணீரென்று அடித்தது. "சிவப்புதான்!" என்று கீழேயிருந்து அப்பா கத்தினார். விரலைப் பார்த்துச் சொல்கிறாரோ என்று நான் பயந்துவிட்டேன்.

பச்சையை விட்டுப் போகிறோம் என்று தெரிவித்ததும் அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நம்மை விசாரிக்காத கம்பெனி, அக்கா! "சார், எவ்வளவோ வருஷமா எங்ககூட இருக்கீங்க, எங்கமேல என்ன சார் கோவம்?" என்று அவர் கேட்டதும் அப்பாவின் முகம் வாடிவிட்டது. "கோவமெல்லாம் இல்லம்மா, குழில எடுக்கல, அவ்வளவுதான். நீ மனசுல வச்சுக்காத" என்று சமாதானம் சொல்லி, அந்தப் பெண்ணுக்குக் குழந்தைகள் எத்தனை என்று விசாரித்து, வைத்த பிறகு, "பாவம்டி, அழுதுடும் போல இருந்துச்சு" என்றார். அம்மா, "இப்பப் போயிட்டு இன்னொருத்தன்கிட்டயும் அதத்தான் கேக்கப் போறா" என்றாள்.

இனிமேல்தான் முக்கியமான பகுதி. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றினால் நடுவில் கொஞ்ச நேரம் நம்பர் செத்துப் போகுமாம். எப்போது போகும், எப்போது உயிர் வரும் என்று அவர்களாலேயே சொல்ல முடியாதாம். அந்த நேரம் பார்த்து யாராவது மாட்டிக்கொண்டால்? அப்பா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். என் புத்தகங்களுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு மீதி இருந்தது. அதில் அம்மாவின் நம்பரை எழுதி, எல்லா லிஃப்டிலும் அப்பாவின் நம்பர்மேல் ஒட்டிவிடலாம், அப்பா பையோடு வீட்டில் தயாராக இருக்கட்டும், அழைப்பு வந்ததும் ஓடட்டும் என்றேன். அப்பா "சபாஷ்" என்று என் தலையில் தட்டினார். அம்மா கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். "எனக்கா? லிஃப்டப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்? உள்ள மாட்டிக்கிட்ட மனுசங்ககிட்ட நான் என்ன பேசறது?" அப்பா ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்: "பயப்படாதீங்க. ஆள் வர்றார்." அம்மா அதைத் தையல் மிஷின்மேல் ஊசியால் குத்தி வைத்துக்கொண்டு, வீட்டுப்பாடம் போல மனப்பாடம் செய்தாள்.

அன்றே அப்பா போய் எல்லா லிஃப்டிலும் சீட்டை ஒட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு அவருடைய நம்பர் செத்தது. மதியத்துக்குமேல் அம்மாவின் பட்டன் போன் அடித்தது. (அதில் ஸ்பீக்கர் பொத்தான் உள்ளே போய் மாட்டிக்கொண்டதால் யார் பேசினாலும் வீட்டுக்கே கேட்கும் என்பது உனக்கும் தெரியும். நான் ஒட்டுக் கேட்கவில்லை.) ஒரு ஆண் குரல், அழுகிற மாதிரி. "ஹலோ, லிஃப்டுங்களா? நான் மெத்தை கொண்டாந்தவன். நடுவுல நின்னுடுச்சு." அம்மா சீட்டைப் பார்த்து, "பயப்படாதீங்க. ஆள் வர்றார்" என்றாள். எந்தக் கட்டடம் என்று காதில் விழுந்ததுமே அப்பா பறந்துவிட்டார். இரண்டு வரியும் தீர்ந்துபோயிற்று. மெத்தைக்காரர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அம்மா கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மெத்த ஒத்தையா, ரெட்டையா?" என்று கேட்டாள்.

"ரெட்டைம்மா."

"அப்புறம் என்ன, சாஞ்சுக்க வேண்டியதுதான?"

"நிக்க வச்சிருக்கேம்மா. அதுக்கும் கதவுக்கும் நடுவுல நான் நிக்கறேன்."

"அப்ப நின்னுக்கிட்டே சாயுங்க. புது மெத்த, யாருக்குக் கெடைக்கும்?"

அவர் சிரித்தார். அதற்கப்புறம் அம்மா பேசினாள் அக்கா. சலவைக் கடையில் இருந்து வந்த பேண்டுக்கு நீளம் குறைத்துத் தைத்துக்கொண்டே பேசினாள். நீ கூப்பிட்டால் "நல்லாருக்கியா, சாப்ட்டியா, சரி வை" என்று மூன்று வார்த்தையில் முடிக்கிற அதே அம்மாதான். பிள்ளைகள் எத்தனை என்று அவர் கேட்டதற்கு அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரெண்டு பொண்ணு. பெரியவ வேலைக்குப் போயிட்டா. இன்னமும் நாலு தட்டுதான் எடுத்து வைக்கறேன், கை கேக்க மாட்டேங்குது. போன்ல அவ கொரல் வந்தா எனக்குத் தொண்ட அடச்சுக்கும். நான் அழுதா அவ அங்க வேலையப் பாக்க மாட்டா. அதான் சட்டுனு வச்சுடுவேன்."

மெத்தைக்காரர், "எங்கம்மாவும் சட்டுனுதான் வச்சுடும். நான் எம்மேல கோவம்னு நெனச்சுட்டேன்" என்றார்.

அப்போது கதவைத் தட்டும் சத்தமும் அப்பாவின் குரலும் கேட்டன. "தொறந்தாச்சுப்பா, வெளிய வா." அதற்கு அவர், "ஒரு நிமிஷம் இருங்கண்ணே, அம்மா பேசிட்டு இருக்காங்க" என்றார். "யோவ், அது என் பொண்டாட்டிய்யா!" என்று அப்பா கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். அம்மா போனை வைத்துவிட்டுத்தான் பேண்டைப் பார்த்தாள். ஒரு கால் முழங்காலுக்கு வந்திருந்தது.

ஒரு நாளில் முடியும் என்ற வேலை மூன்று நாள் இழுத்தது. அதற்குள் இன்னும் சிலர் மாட்டிக்கொண்டார்கள், சிலர் மாட்டிக்கொள்ளாமலும் கூப்பிட்டார்கள். இன்று காலை அப்பாவின் நம்பருக்குச் சிவப்பில் உயிர் வந்தது. மதியம் வந்த முதல் அழைப்புக்கு அவர், "எதையும் தொடாதீங்க, வர்றேன்" என்று சொல்லி டக்கென்று வைத்தார். எல்லாம் ஒழுங்காகிவிட்டது. சீட்டுகளைக் கிழித்துவிட்டு வருகிறேன் என்று சாயங்காலம் கிளம்பிப் போயிருக்கிறார். அம்மா, "அப்பாடா, விட்டுது தொல்ல" என்று போனை எடுத்துப் பொத்தான் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அதன் பிறகு சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க அந்த டப்பாவைப் பலமுறை திறந்துவிட்டாள்.

எனவே நீ அறிய வேண்டியது: போன், ரப்பர் வைத்த தடியன். கம்பெனி, சிவப்பு. உன் பணம் வீணாகவில்லை. என்னிடமிருந்து ஒரே ஒரு வேண்டுகோள். அம்மா இனிமேல் "சரி வை" என்றால் நீ வைக்காதே. உன் விடுதியில் லிஃப்ட் இருந்தால் அதற்குள் போய் நின்றுகொண்டு பேசு. நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை, "லிஃப்டுக்குள்ள இருக்கேம்மா" என்பது உண்மைதானே.

வேளைக்குச் சாப்பிடு, தலையைக் காயவைத்துவிட்டுத் தூங்கு. அப்பா அம்மாவின் ஆசியும் என் நூறு முத்தங்களும் இதே உறைக்குள் இருக்கின்றன.

இப்படிக்கு,
உண்மை தவறாத உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதில் பாதி இப்போது உண்மை இல்லை. அப்பா இப்போதுதான் திரும்பி வந்தார். ஒரு சீட்டையும் கிழிக்கவில்லை, கிழிக்க விடவில்லையாம். ஒரு கட்டடத்தில் சீட்டு கிழியாமலிருக்க அதன்மேல் கண்ணாடி டேப்பே ஒட்டி வைத்துவிட்டார்களாம். "உங்க அம்மா நம்பர்தான் வேணுமாம்டி. என்னய ஒருத்தரும் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் புது போனை மேஜைமேல் வைத்தார். அம்மாவின் சிம் இன்னமும் பச்சைதான் அக்கா! நாம் இவ்வளவு பாடுபட்டு விட்டு வந்த அதே பச்சை.

இன்னும் இருக்கிறது. அப்பா கை கழுவிவிட்டு உட்காரப் போனார், பொத்தான் டப்பாவுக்குள் போன் அடித்தது. பல் டாக்டரம்மா. அவர் கட்டடத்தில் கரண்ட் போய், லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டாள், அப்பா பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். அன்று அப்படிக் கோபமாகப் பேசியவரின் குரல் இப்போது மிகச் சின்னதாகக் கேட்கிறது. "உள்ள லைட் இருக்காங்க?" என்று அம்மா கேட்கிறாள். "இல்லம்மா. என் கையே எனக்குத் தெரியல." "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்த்து, "லைட்ட அணை" என்கிறாள். எழுதிக்கொண்டிருக்கிறேனே அம்மா என்றேன். "அவங்க மட்டும் இருட்டுல நிக்கணுமா? அணைடி" என்று சொல்லிவிட்டு அவளே எழுந்து வருகிறாள். இனி எழுத்துக் கோணலாகப் போனால் மன்னித்துக்கொள். "இப்ப எனக்கும் ஒண்ணும் தெரியல டாக்டரம்மா, நீங்க சொல்லுங்க" என்று அம்மாவின் குரல் மட்டும் கேட்கிறது. விளக்கை அணைத்துவிட்டாள்.