பதினோரு விநாடி யோசித்த குற்றம்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் ஒரே தங்கையின் ஒரே கணவன் வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்றும், அக்கா சுகமாக இருப்பார்கள் என்றும் நம்புகிறேன். இங்கே உடம்பால் மூவரும் நலம். மற்ற நலத்தை நீங்கள் நேரில் வந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். இந்த வீட்டில் நான் போனில் பேசினால் மூன்று அறைக்கும் கேட்கும். கேட்கக் கூடாத ஆளான உங்கள் தங்கை அதில் ஓர் அறையில்தான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்றோடு ஏழு நாள். என்னோடு ஒரு வார்த்தை இல்லை.

நடந்தது இதுதான். உங்கள் மருமகள் சமூகவியல் படிக்கிறாள் அல்லவா, அவளுக்குக் கல்லூரியில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரைப் பிடித்து, படிப்பு, உத்தியோகம், கல்யாணம் ஆகிய மூன்றிலும் எடுத்த முடிவுகளில் எதற்காக வருந்துகிறார் என்று கேட்டுப் பதிவு செய்து, சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்து கொடுக்க வேண்டுமாம். ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்கள் எத்தனையோ பேர் இருக்க, "அப்பா, நீங்கதான் நல்லா வருத்தப்படுவீங்க" என்று என் முன்னால் போனை வைத்தாள். முப்பது வருஷமாக லிஃப்ட் பரிசோதகனாக இருக்கிறேன், மச்சான். என்னிடம் இதுவரை எவனும் கேட்ட கேள்வி "எப்ப சார் சரியாகும்?" என்பது ஒன்றுதான். முதல் முறையாக ஒருத்தி உட்கார்ந்து என் மனசைக் கேட்கிறாள் என்றதும் நான் மடை திறந்துவிட்டேன். தாவரவியல் படிக்க ஆசைப்பட்டவனை அப்பா இயந்திரப் படிப்பில் தள்ளிய கதை இருபது நிமிஷம். கப்பல் எஞ்சின் அறையில் வேலை கிடைத்தும் அம்மா அழுததால் போகாமல் விட்ட கதை முப்பத்தைந்து நிமிஷம். இரண்டிலும் நான் தடுமாறவே இல்லை. அப்புறம்தான் அந்தப் பெண் கேட்டாள்: "கல்யாண விஷயத்துலப்பா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை.

அவ்வளவுதான் மச்சான் என் குற்றம். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் அளக்க வேண்டும். தட்டச்சு செய்த தாளில் இப்படி இருந்தது: "பதிலளிப்பவர் பதினோரு விநாடி மௌனம். பிறகு, 'அதெல்லாம் எதுக்கும்மா இப்போ' என்கிறார்." அந்தத் தாளை அவள் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். மேஜையைத் துடைக்க வந்த உங்கள் தங்கை, ஒரு கையில் ஈரத்துணியோடு, ஒன்பது பக்கத்தையும் நின்றுகொண்டே படித்து முடித்தாள்.

"பதினோரு விநாடி என்னத்தை யோசிச்சீங்க?" என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை; அதுதான் பயமாக இருந்தது. நான் தொண்டையில் ஏதோ அடைத்தது என்றேன். உடனே மகளைக் கூப்பிட்டு அந்த இடத்தைப் போட்டுக் காட்டச் சொன்னாள். மூன்று பேரும் உட்கார்ந்து என் மௌனத்தைக் கேட்டோம். மின்விசிறி சுற்றுகிற சத்தம், தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள், எதிர் வீட்டில் யாரோ கதவைச் சாத்தியது, எல்லாம் துல்லியமாகக் கேட்டது. இருமல் மட்டும் இல்லை. அதற்குப் பிறகாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மாறாக, "இது தொழில் பழக்கம்மா. லிஃப்ட் நின்னா பத்து விநாடி காத்திருந்துட்டுத்தான் பொத்தானையே தொடுவேன்" என்று விளக்கினேன்.

"அப்போ மிச்சம் ஒரு விநாடி?" என்றாள்.

மகள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கலாமா என்று பார்ப்பதற்குள் உங்கள் தங்கை எழுந்துவிட்டாள். "மூணுல ரெண்டுக்கு மணிக்கணக்கா வருத்தப்பட்டிருக்கீங்க. முதல்ல அந்த ரெண்டையும் தீர்த்துக்கிட்டு வாங்க. மூணாவதை அப்புறம் பேசலாம்" என்று சொல்லிப் பின் அறைக்குள் போனவள்தான். மறுநாள் காலை என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு விண்ணப்பம் இருந்தது. மாலை நேரத் தாவரவியல் வகுப்பு, தினமும் ஐந்தரை முதல் ஏழு வரை. என் பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எல்லாம் தயார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

போனேன், மச்சான். போகாமல் இருக்க முடியுமா? நான் உள்ளே நுழைந்ததும் முப்பது பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். ஆசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர்களுக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. உண்மையான ஆசிரியை வந்தார். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். "யாரைப் பார்க்க வந்திருக்கீங்க சார்?" என்றார். மாணவன் என்றேன். தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரையச் சொன்னார். முப்பது வருஷத்துக் கை சும்மா இருக்குமா? அளவுகோல் வைத்து, மையக்கோடு போட்டு, நாலு பக்கமும் மில்லிமீட்டர் குறித்து, அம்சமாக வரைந்து நீட்டினேன். அந்த அம்மா தாளை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "சார், இதுல கதவு எங்க வருது?" என்றார். வகுப்பே விழுந்து சிரித்தது. அதுகூடப் பரவாயில்லை. பாடம் நடக்கிறது, எனக்குக் கொட்டாவி வருகிறது. முதல் கொட்டாவியை வெயில் என்று நினைத்தேன். மூன்றாவது கொட்டாவியில் புரிந்துவிட்டது: எனக்குத் தாவரவியல் பிடிக்கவில்லை. பிடித்திருந்திருக்கவும் முடியாது. நாற்பது வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்த வருத்தம், ஒன்றரை மணி நேரத்தில் என் கண்ணெதிரே செத்துப் போனது. அப்பா மேல் இத்தனை காலம் வைத்திருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆனாலும் தினமும் போகிறேன். போகாவிட்டால் மகள் மூலம் கேள்வி வருகிறது.

இது போதாதென்று, நாலாவது நாள் வகுப்பு முடிந்து வந்தால் கூடத்தில் 'கப்பல்' உட்கார்ந்திருக்கிறான். என்னோடு படித்தவன், நான் போகாமல் விட்ட அதே வேலைக்குப் போனவன். அதனால்தான் அந்தப் பெயர். இருபத்தெட்டு வருஷம் கடலில் இருந்துவிட்டு இப்போது ஓய்வு பெற்றுவிட்டான். உங்கள் தங்கைதான் கூப்பிட்டிருக்கிறாள். காபியை வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நான் பொறாமையை அடக்கிக்கொண்டு, "உனக்கென்னடா, உலகத்தையே பார்த்துட்டே" என்றேன்.

"என்னத்தை உலகம்? எஞ்சின் ரூம்ல எங்கடா ஜன்னல்?" என்றான். "இருபத்தெட்டு வருஷமும் வாந்தி. பையன் கல்யாணத்துக்கு வந்து இறங்குறேன், அவன் எனக்குக் கை குடுக்கிறான்டா. விருந்தாளிக்குக் குடுக்கிற மாதிரி. நீ தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினவன். நீ குடுத்து வச்சவன்."

சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். கிளம்பும்போது வாசலில் நின்று, லிஃப்ட் துறையில் ஏதாவது பகுதிநேர வேலை இருக்கிறதா என்று கேட்டான். ஆக இரண்டாவது வருத்தமும் போயிற்று. ஒருவனுக்கு ஐம்பத்தேழு வயதில் சாய்ந்து உட்கார இரண்டு வருத்தம்கூட இல்லை என்றால் அது என்ன வாழ்க்கை, சொல்லுங்கள்!

இத்தனைக்குப் பிறகும் மௌனம் கலையவில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "உங்கப்பாவுக்குச் சாதம் போதுமான்னு கேளு" என்று மகளிடம் சொல்கிறாள். மகள் என் பக்கம் திரும்பி, "போதுமாப்பா?" என்கிறாள். நான் "போதும்" என்றால் அதையும் அவள் திருப்பிச் சொல்கிறாள். கோர்ட்டில்கூட இவ்வளவு முறை கிடையாது.

ஆகவே மச்சான், நீங்கள்தான் வரவேண்டும். ஞாபகம் இருக்கிறதா, அந்த ஆறு மாடி அலுவலகத்தில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டபோது, நான்தான் கதவு இடுக்கு வழியாக ஒன்றரை மணி நேரம் உங்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பயத்தில் நீங்கள் என் குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்து, கல்யாணம் ஆகவில்லை என்றதும், "எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா" என்றீர்கள். கதவு திறந்தது. நீங்கள் வெளியே வந்தீர்கள். நான் உள்ளே போனேன். எங்கள் துறையில் பொருத்திக் கொடுத்தவர்தான் பராமரிக்க வேண்டும் என்று விதி. ஞாயிற்றுக்கிழமை காலை தவறாமல் வந்து உங்கள் தங்கையிடம் பேசுங்கள்.

என்ன பேசுவது என்று கேட்பீர்கள். யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அந்தப் பதினோரு விநாடியில் நான் யோசித்தது என்னைப் பற்றி இல்லை. நாங்கள் கல்யாணம் செய்துகொண்டபோது அவள் வரலாறு இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷம் முடிச்சிடலாம்" என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். அடுத்த வருஷம் வேலை மாற்றம் வந்தது, அதற்கு அடுத்தது குழந்தை, பிறகு அம்மா படுத்த படுக்கை. அப்புறம் நானும் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. மகள் கேட்டதும் அது வந்து நெஞ்சில் நின்றது. வருத்தம் என்று ஒன்று எனக்கு உண்மையில் உண்டென்றால் அது மட்டும்தான். அதைச் சொல்லியிருந்தால், "அப்புறம் ஏன்பா அம்மாவைப் படிக்க வைக்கலை?" என்று அந்தப் பெண் கேட்டிருப்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதினோரு விநாடி இல்லை, பதினோரு நாள் கொடுத்தாலும் இல்லை. இதை நானே அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் மூட்டு சீக்கிரம் குணமாகட்டும். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடுகிறது, பயப்படாமல் ஏறலாம், நானே பரிசோதித்தேன்.

தங்கள் வருகையை எதிர்பார்த்து,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இது நான். தபாலில் போடச் சொல்லி மகளிடம் கொடுத்தார். அவள் நேராக என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வராதே. திங்கட்கிழமை காலை எனக்குக் கடைசிப் பரீட்சை. பாதியில் விட்ட பட்டப்படிப்பை இரண்டு வருஷமாக அஞ்சல் வழியில் படித்துக்கொண்டிருக்கிறேன். மகளுக்கு மட்டும்தான் தெரியும். முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். கோபமெல்லாம் முதல் நாளே தீர்ந்துபோச்சு. ஆனால் பேச ஆரம்பித்தால் இவர் நிறுத்தமாட்டார், நான் எப்படிப் படிக்கிறது? சாயங்காலம் வீட்டில் இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் அந்த வகுப்பில் சேர்த்தேன். கப்பலை வரச் சொன்னதும் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கட்டும் என்றுதான். அவர் கடைசியில் எழுதியிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். படித்துவிட்டு அரை மணி நேரம் பாடம் ஓடவில்லை. அதற்கு வேறு அவரிடம் கணக்குத் தீர்க்க வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணியோடு வா, நானே எல்லாம் சொல்கிறேன். அதுவரைக்கும் மூச்சு விடாதே. நாலு நாள் தவிக்கட்டும். தவிக்கிற தவிப்பில் பாத்திரமெல்லாம் அவரே தேய்த்துவிடுகிறார்.