பஸ் சாமியின் ஆபீஸ்

ஆபீஸிலிருந்து வேலை பார்ப்பதா, வீட்டிலிருந்தா என்று இன்று ஊரே அடித்துக்கொள்கிறது. இரண்டுமே வேண்டாம் என்று எழுபதுகளிலேயே முடிவு செய்துவிட்ட மகான் ஒருவர் திருவனந்தபுரத்தில் இருந்தார். அவர் பஸ்ஸிலிருந்து வேலை பார்த்தார்.

கரமனை அக்ரஹாரத்துக்காரர். பாளையத்தில் ஒரு தேயிலைக் கம்பெனியில் ஹெட் கிளார்க். சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்கும். எல்லோருக்கும் அவர் பஸ் சாமி. நான் அவருக்குக் கீழே டைப்பிஸ்ட். நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்குக் கொட்டாவிதான் வரும். சக்கரம் உருண்டால்தான் பேனா ஓடும்.

காலையில் ஃபைலை மடியில் விரித்துவிடுவார். பாளையம் வந்ததும் கண்டக்டர் மலையாளத்தில் கத்துவார்: "சாமி, பாளையம் எத்தி! இறங்ஙுந்நில்லே?"

"இருடா, இன்னும் ரெண்டு பாரா பாக்கி."

"எந்நா பேரூர்க்கடைக்கு டிக்கெட் தரட்டே?"

"தா. திரும்பி வரதுக்கும் சேர்த்து."

சின்னக் கடிதத்துக்குப் பேரூர்க்கடை போதும். ஆண்டறிக்கை என்றால் வித்துரா தாண்டி, மலைமேல் எங்கள் எஸ்டேட் வரை போய்த் திரும்புவார். ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது.

மெட்ராஸிலிருந்து புது மேனேஜர் வந்தார்.

"உமக்கு ஆபீஸ் எங்கேய்யா?"

"சம்பளம் இங்கே சார். வேலை அங்கே."

மேனேஜர் சிரிக்கவில்லை. ஃபைல் வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டார். சாமி வாடிப்போனார். 'டியர் சார்' தாண்டிப் பேனா நகரவில்லை. கடைசியில் பியூனைக் கூப்பிட்டார்.

"பரமு, இந்த மேஜையைக் கொஞ்சம் குலுக்கேன். நடுநடுவுல ஹாரனும் அடி."

பரமு "பாம் பாம்" என்று கத்திக்கொண்டே குலுக்கும்போது மேனேஜர் உள்ளே வந்தார்.

"மாசக் கடைசியோட நீர் வீட்டுக்குப் போகலாம்."

சாமி வீட்டில் கல்யாண வயதில் இரண்டு பெண்கள்.

அந்த வாரமே எஸ்டேட்டில் வேலைநிறுத்தம். தொழிலாளர் வீடுகளின் கூரைகள் ஒழுகின. மாற்றித் தரச் சொன்னார்கள். ஒப்பந்தம் எழுத எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் மலையேறினார். தொழிலாளர் தலைவர் மாசானம், அம்பாசமுத்திரம் பக்கத்து ஆள். "எல்லாக் கூரையும் மாத்தணும்" என்றார். "பாதிதான்" என்றார் மேனேஜர். சாயங்காலம் வரை இருவரும் அதையே சொன்னார்கள். கிளம்பலாமென்றால் ஜீப் மக்கர் செய்தது. பஸ்ஸுக்கு நடந்தோம்.

"மாசானம், நீயும் வித்துரா வரைக்கும் வாயேன். பேசிண்டே போலாம்" என்றார் சாமி. பஸ் நகர்ந்ததுமே அவர் முகத்தில் களை வந்துவிட்டது. மேனேஜருக்கு மரியாதையாக ஒரு சீட்டைக் காட்டினார். "இதுல உக்காருங்கோ சார். நல்ல காத்து வரும்."

இரண்டாவது வளைவில் மழை பிடித்தது. பஸ் கூரையிலிருந்து மேனேஜரின் வழுக்கையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு தாரையாகக் கொட்டியது. நகர்ந்தார், மாசானத்தின் மடியில் விழுந்தார். எழுந்து உட்கார்ந்தார், மறுபடி தாரை. பஸ்ஸில் வேறு இடமில்லை.

"என்னய்யா இது, மனுஷன் உக்கார முடியுமா இதுல?"

மாசானம் மெதுவாகச் சொன்னார்: "எங்க பிள்ளைங்க இதுலதான் சார் படுத்துத் தூங்குது."

மேனேஜர் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதும்யா சாமி. எல்லாக் கூரையும்."

சாமி குலுங்கிக் குலுங்கி எழுதினார். வித்துரா வருமுன் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மாசானம் இறங்கிப் போனதும் மேனேஜர் சொன்னார்: "நீர் எங்கே வேணா உக்காந்து எழுதிக்கும்."

நான் காதோரம் கேட்டேன்: "அந்த சீட்டு ஒழுகும்னு தெரியுமா சாமி?"

"மழை பெஞ்சாத்தானேடா ஒழுகும். மழையை நானா வரச் சொன்னேன்?" என்றவர், என் தோளில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனார். எண்ணெய் வழியும் தலை. எனக்கு இருந்ததோ ஒரே நல்ல சட்டை. பாளையம் வரும்வரை நான் தோளை அசைக்கவே இல்லை.