முப்பத்தேழாம் எண் டப்பா

இராஜபாளையம்,
14.3.1992.

அன்புள்ள மருமகன் டாக்டர் தனுஷ்கோடி அவர்களுக்கு, சோலைச்சாமி மாமா எழுதுவது. இங்கு நானும் தங்கள் அத்தையும் மருந்தின்றி நலம். மதுரையில் தாங்களும் அக்காவும் அவ்வண்ணமே என்று பதில் வந்தால் நிம்மதி. இது அலுவல் கடிதமாதலால் ‘தாங்கள்’ என்று எழுதுகிறேன். நேரில் வந்தால் வழக்கம்போல் ‘ஏலே’தான்.

தங்கள் நடுக்குவாத ஆய்வு முடிந்து முத்திரை பிரிக்கப்பட்டதில், முப்பத்தேழாம் எண் டப்பாவில் ஓராண்டாக இருந்தது வெறும் சீனி மாத்திரை என்றும், அதை உண்டு குணம் கண்ட என் நண்பன் பொன்னுராஜிடம் விஷயத்தை விளக்கிக் கையொப்பம் வாங்கி அனுப்பினால் நிஜ மருந்து இலவசமாகத் தரப்படும் என்றும் கண்ட தங்கள் கடிதம் மூன்றாம் தேதி கிடைத்தது. முப்பத்தெட்டாம் எண் கூமாப்பட்டி மொக்கைச்சாமிக்கு நிஜ மருந்து தந்தும் பலனில்லை என்று வருந்தியிருந்தீர்கள். இன்று பதினான்கு. தாமதத்துக்குக் காரணம் கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

பொன்னுராஜ் யார் என்பது தங்கள் கோப்பில் இராது. 1956இல் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் அவன் வெறுங்கையால் வட்டம் போடுவான். கணக்கு வாத்தியார் சாக்குக்கட்டியில் நூல் கட்டிச் சுற்றிப் பார்த்தார், இம்மியும் விலகவில்லை. நான் காம்பஸ் வைத்துப் போட்டது முட்டையாக வந்தது. ஆகவே நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளனாகவும் அவன் பஞ்சாலையில் பிட்டராகவும் போனோம். அந்தக் கைதான் நடுங்கத் தொடங்கி, சட்டைப் பொத்தானை அவன் மனைவி ஞானபாக்கியம் மாட்டிவிடும் நிலைக்கு வந்தது. அப்போதுதான் அவனைத் தங்களிடம் சேர்த்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை ஐந்தே முக்கால் பஸ்; சன்னலோரம் பொன்னுராஜ், நடுவில் துண்டு போட்டுப் பிடித்த இடம், ஓரத்தில் நான், மடியில் தாங்கள் என்னிடம் ஒப்படைத்த ஆய்வுக் குறிப்பேடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மொக்கைச்சாமி பால்கோவாப் பொட்டலத்தோடு ஏறுவார். “எனக்குச் சீனி இருக்குய்யா, கண்ணுல காட்டாதீரும்” என்பான் இவன். “காட்டலைன்னா வாசன வராதா?” என்பார் அவர். அந்தச் சனிக்கிழமைகளை இப்போதும் தேடுகிறேன். பொன்னுராஜுக்கு மாத்திரையை விழுங்க வராது, கடித்துத் தின்பான். அதையும் நாள்தோறும் ‘கடிக்கப்பட்டது’ என்று பதிந்திருக்கிறேன்.

நிற்க. நான்காம் தேதி தங்கள் தாளோடு போனேன், “ஏலே, செத்த நேரம் இரு, மீசய முடிச்சிட்டு வாரேன்” என்று தானே சவரம் செய்துகொண்டிருந்தான், கத்தி பிடித்திருப்பவனிடம் அதிர்ச்சிச் செய்தி சொல்வது முறையன்று என்று திரும்பினேன், எட்டாம் தேதி ஞாயிறு சர்ச்சுக்கே போனேன், அங்கே அவன் எழுந்து நின்று மதுரை மாத்திரையால் கர்த்தர் தன் கையை நிறுத்தினார் என்று அத்தனை பேர் முன்னால் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தான், பதினொன்றாம் தேதி தாளைப் பையிலிருந்து எடுத்தேவிட்டேன், அவன் இரண்டு கையிலும் விளிம்பு முட்டக் காப்பி கொண்டுவந்து வைத்தான், ஒரு சொட்டுச் சிந்தவில்லை, “என்ன காயிதம்ல?” என்றான், நான் “கரண்டு பில்லு” என்றேன். அலுவல் சம்பந்தமாக நான் சொன்ன முதல் பொய். ஞானபாக்கியம் வேறு வாசல்வரை வந்து, “அண்ணே, பொத்தான் எல்லாம் இப்ப அவியளே போட்டுக்கிடுதாவ. எனக்குத்தான் காலைல கை சும்மா கெடக்கு” என்றாள். இதற்கு மேல் நான் என்ன செய்யட்டும்?

சொன்னால் அந்தக் கை மறுநாளே நடுங்கலாம். சொல்லாவிட்டால் விதிப்படி நிஜ மருந்து கிடையாது. விதியைத் தளர்த்தும்படி நான் யாரிடமும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். கையொப்பமின்றி நிஜ மருந்தை அதே முப்பத்தேழாம் எண் டப்பாவில் இட்டு அனுப்புக. பொறுப்பு என்னுடையது.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் கையால் தொட்டவர்களெல்லாம் தேறி எழ வாழ்த்தும்,
மாமன் சோலைச்சாமி.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பொன்னுராஜ் வந்து, அனுமதியின்றி இக்கடிதம் முழுவதையும் படித்துவிட்டான். “ஏலே கோட்டி, மொத மாசம் கடிச்சுப் பாத்தேன், இனிச்சுது. எனக்குச் சீனி ஏறும்லா? மொக்கைச்சாமி என்னயப் பாத்துக் கடிச்சாரு, அவருக்குக் கசந்துச்சு. திரும்பி வாரப்ப திருமங்கலம் தாண்டுனா நீதான் தூங்கிருவியே. மாசாமாசம் டப்பாவ மட்டும் வச்சுக்கிட்டு மாத்திரய மாத்திக்கிடுவோம்” என்கிறான். எனவே மேற்கண்டது அனைத்தையும் ரத்து செய்க. குறிப்பேட்டில் ‘என் நேர்பார்வையில்’ என்று பன்னிரண்டு முறை நான் கையொப்பமிட்டதையும். நிஜ மருந்து முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் கூமாப்பட்டி. மொக்கைச்சாமிக்கு இப்போது டம்ளர் பிடிக்க இரண்டு கையும் போதவில்லை. ஏலே தனுஷ்கோடி, ஆய்வை அப்புறம் திருத்திக்கொள். வரும் சனிக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு மூவராக வருகிறோம், மருந்தை எடுத்து வை. நான் தூங்க மாட்டேன்.

கீழே உள்ள வட்டம் பொன்னுராஜ் சற்றுமுன் வெறுங்கையால் போட்டது. காம்பஸ் வைத்துச் சரிபார்த்தேன். வலப்புறம் அரை மில்லிமீட்டர் விலகல். 1956இல் அதுவும் இருந்ததில்லை.